ஓர் அடுப்புக்கு ஓர் அரிவாள்

பன்யாலி கிராமம்
17 ஜூலை 1986

மரியாதைக்குரிய தாஜூவுக்கு,

தங்கை ஹன்சி தன் அண்ணன் குந்தன் தாஜூவின் கால்களைத் தொட்டு எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் எருமை கஜரியும் நலம். டெல்லியில் இருக்கும் என் அண்ணனுக்கு ஒரு தலைவலிகூட வரக் கூடாது என்று கோலூ சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று ஹரேலாப் பண்டிகை. பத்து நாள் இருட்டில் வளர்த்த முளைகளை அம்மா உட்கார்ந்தபடியே அறுத்தார். உங்கள் தலையில் வைக்க வேண்டிய பங்கை இந்த உறையில் வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் வாடிவிடும். வாடினாலும் பலன் குறையாது என்று அம்மா எழுதச் சொன்னார். தலையில் வைத்துவிட்டுக் காதில் செருகிக்கொள்ளுங்கள்.

அம்மா கோல் பிடித்துத் தொழுவம் வரை வருகிறார். படி இறங்க இடுப்பு விடவில்லை. கேழ்வரகுக்கு நான்தான் களை எடுக்கிறேன். மழை நிற்காததால் அட்டைகள் அதிகம். துணியில் உப்பை முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறேன். உப்பு பட்டால் அட்டை விழுகிறது, புல் கிழித்த விரல்கள் எரிகின்றன.

மலைக்காவல்காரர் மோதி ராம் வந்தார். புரட்டாசியில் புல் அறுக்க மலை திறக்கும்போது நம் தாத்தா ஹயாத் சிங் அடுப்புக்கு யார் வருவார்கள், பெரியப்பா வீடா நம் வீடா என்று கேட்டார். நான் கஜரியின் பின்னால் நின்றுகொண்டேன். என் கூச்சம் உங்களுக்குத்தான் தெரியுமே. அம்மாதான் பதில் சொன்னார்: “போன வருஷம் பெரியவர் வீடு, இந்த வருஷம் நாங்க. ஓர் அடுப்புக்கு ஓர் அரிவாள்தானே? மாத்தி மாத்தித்தானே?”

போன குளிர்காலம் நம் முறை இல்லாததால் புல்போர் இல்லை. கஜரிக்கு இலை வெட்ட அம்மா பாஞ்ச் மரத்தில் ஏறப்போய்த்தான் விழுந்தார். இந்த வருஷம் யாரும் மரம் ஏற வேண்டாம். கஜரி தை மாதம் கன்று போடும்.

பள்ளி திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நம் வயல் ஓரமாகப் போகும்போது நான் குனிந்துகொள்கிறேன். ஒரு வருஷம்தானே. நீங்கள் சொன்னபடி.

உங்கள் காலடித் தூசியான
ஹன்சி


டெல்லி
3 ஆகஸ்ட்

அன்புத் தங்கை ஹன்சிக்கு,

குந்தனின் ஆசீர்வாதம். நான் நலம். அம்மா காலில் என் சார்பாக விழு.

ஹரேலா வந்தது. நாள் முழுக்கக் காதில் வைத்திருந்தேன். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மலைக்காரன் மட்டும் சிரிக்காமல் கேட்டு ஒரு முளையை வாங்கிக்கொண்டான்.

இங்கே வெயில் தாங்கவில்லை. நம் ஊர் வெள்ளரிக்காயை நினைத்தாலே வாய் ஊறுகிறது. கொடி இந்த முறை கூரை ஏறியதா? குரங்குகள் வருகின்றனவா? அம்மாவிடம் நான் இரண்டு வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுவதாகச் சொல்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். அவர் சொல்வதைக் கேட்டு நட. வேலை நேரம் ஆகிவிட்டது. மற்றவை பிறகு.

உன் அண்ணன்
குந்தன்


பன்யாலி
18 ஆகஸ்ட்

மரியாதைக்குரிய தாஜூவுக்கு,

ஹன்சி கால் தொட்டு எழுதுவது. நாங்கள் நலம். வெயிலில் உங்கள் உடம்பு எப்படி? உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்தேன். இரண்டு வேளைச் சாப்பாட்டை மூன்றாவது முறையும் கேட்டார்.

கொடி கூரை ஏறிவிட்டது. குரங்குகள் தினம் வருகின்றன. தகரத்தைத் தட்டித் தட்டி என் கை ஓய்ந்துவிட்டது. நேற்று முற்றிய வெள்ளரியைத் துருவி, ஊறிய உளுந்தோடு அரைத்து, வடகம் கிள்ளிக் கற்கூரையில் காயப்போட்டேன். மூன்று முறை மழைக்குப் பயந்து அள்ளினேன். சோளக்கதிர்களை உரித்து இறவாணத்தில் கட்டியாயிற்று.

நேற்று நெய்த் திருநாள். கஜரிக்குப் பால் வற்றிவிட்டதால் நம் வீட்டில் நெய் இல்லை. தேபுலி அண்ணிதான், பெரியப்பாவின் மருமகள், இலையில் ஒரு விரல் நெய்யை மறைத்து எடுத்துக்கொண்டு நீரூற்றுக்கு வந்தாள். என் உச்சந்தலையில் தடவிவிட்டு, “இன்னைக்கு நெய் தொடாதவ அடுத்த பிறவியில நத்தையாப் பொறப்பா. நீ இந்தப் பிறவியிலயே கூட்டுக்குள்ளதான்டி இருக்கே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குடத்தைத் தூக்கும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். “மலை திறக்கிறப்ப அரிவாள் யாருதுன்னு உன் அண்ணனைக் கேளு.”

எனக்குப் புரியவில்லை. பெரியப்பா வீட்டுக்கு இரண்டாவது எருமை வந்திருக்கிறது. முறை இல்லாத வருஷத்தில் யாராவது எருமை வாங்குவார்களா? அதனால் கேட்கிறேன். தேபுலி அண்ணி எதைச் சொல்கிறாள்?

பதிலை எதிர்பார்க்கும்
ஹன்சி


டெல்லி
30 ஆகஸ்ட்

அன்புத் தங்கைக்கு,

ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் இடுப்புக்கு ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். அதிகம் குளிரவிடாதே.

நீரூற்றில் பெண்கள் பேசுவதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ சின்னப்பெண்.

ஒன்று யோசித்தேன். கஜரியை வைத்துக்கொண்டு நீ தனியாகக் கஷ்டப்பட வேண்டுமா? சினை எருமை என்றால் வாங்க ஆள் கிடைக்கும். பெரியப்பாவிடமே கேட்டுப் பார். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

வடகத்தில் கொஞ்சம் எனக்கு எடுத்து வை.

குந்தன்


பன்யாலி
6 செப்டம்பர்

தாஜூவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நலமா?

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் தைலத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

கஜரியை விற்கச் சொன்ன வரியை அம்மாவுக்குப் படிக்கவில்லை. கண்ணால் தாண்டிவிட்டுத் தைலத்திலிருந்து நேராக வடகத்துக்குப் போய்விட்டேன். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்யாகப் படிப்பது இதுதான் முதல் முறை. நீங்கள் செய்யவைத்தது.

கஷ்டப்பட வேண்டுமா என்று இப்போது கேட்கிறீர்கள். விடிந்ததும் தொழுவத்தை வாருகிறேன். சாணிக்கூடையை மேல் வயலுக்குச் சுமக்கிறேன். வரப்புப் புல்லை அறுக்கிறேன், கஜரியைக் குளிப்பாட்டுகிறேன், அம்மாவைக் குளிப்பாட்டுகிறேன். அக்ரூட் கொட்டையின் பச்சைத் தோலை உரித்து என் பத்து விரலும் கறுத்துக் கிடக்கின்றன. இதைப் பற்றி நான் ஒரு கடிதத்திலாவது முறையிட்டேனா? இது ஒரு வருஷக் கஷ்டம் என்று எண்ணித்தானே செய்கிறேன். சித்திரையில் நீங்கள் எழுதிய கடிதம் என் பாடப்புத்தகத்துக்குள் இருக்கிறது. “இந்த வருஷம் மலை நம்முடையது, புல்லுக்குக் குறைவிருக்காது, கஜரி கன்று போட்டதும் அம்மாவும் தேறிவிடுவார், அடுத்த வருஷம் நீ ஒன்பதாம் வகுப்பு.” உங்கள் எழுத்து. அதை நம்பித்தான் வாத்தியாரிடம் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டார். உங்கள் கடிதத்தை நீட்டினேன்.

கஜரியை விற்றால் நான் எதற்காகப் பள்ளியை விட்டேன்?

கேள்வியை மறுபடி எழுதுகிறேன். அரிவாள் யாருடையது?

ஹன்சி


பன்யாலி
19 செப்டம்பர்

தாஜூ,

பதில் வரவில்லை. இனி வர வேண்டாம். எனக்கு விடை தெரிந்துவிட்டது.

நேற்று முன்தினம் கதடுவா. மழைக்காலம் முடிந்ததற்கு மாடுகளைக் கொண்டாடும் நாளில் கஜரிக்கு முட்டளவு பசும்புல் பரப்பினேன். வாயில் புல்லோடு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பெரியப்பா தொழுவத்துக்குள் வந்தார். உள்ளே அம்மா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“படிச்சவதானே, படி” என்றார்.

படித்தேன். ஹயாத் சிங் அடுப்பின் மலைமுறையில், அப்பா இல்லாத தன் வீட்டின் பங்கை, தான் டெல்லியில் வேலையில் இருக்கும்வரை, எல்லா வருஷமும் பெரியப்பாவுக்கே விட்டுக்கொடுப்பதாக குந்தன் சிங் எழுதியது. கீழே உங்கள் கையெழுத்து. வால் சுழித்த அந்தக் ‘கு’வை எனக்குத் தெரியும்.

“அம்மாகிட்டச் சொல்லி அவ மனசை ஏன் நோகடிக்கணும்? ஒரு எருமை எங்க தொழுவத்துக்கு வந்தா உனக்கும் லேசு” என்றார். திட்டவில்லை. என் தலையைத் தடவினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

நீங்கள் கையெழுத்துப் போட்டதைக்கூட ஒருவேளை விழுங்கியிருப்பேன். தேதியை என்னால் விழுங்க முடியவில்லை. பிப்ரவரி இரண்டு. நீங்கள் பேருந்து ஏறியதற்கு முந்தைய நாள். அம்மா கட்டிலில் கிடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

சித்திரைக் கடிதம் அதற்கு இரண்டு மாதம் பிந்தியது. இந்த வருஷம் மலை நம்முடையது என்று எழுதும்போதே அது நம்முடையது இல்லை என்று உங்களுக்குத் தெரியும். புல் இல்லாத எருமைக்காக என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினீர்கள். பனி விழுந்தால் அடுத்து அந்தப் பாஞ்ச் மரத்தில் ஏறப்போவது யார்? எழுதும்போது அதை யோசித்தீர்களா?

பெரியவர்களிடம் எனக்குப் பேச வராது. ஆனால் எழுத வரும். கோலூ சாமி கோவில் ஒரு நாள் நடை. நியாயம் கேட்பவர்கள் முத்திரைத்தாளில் எழுதி மணியோடு கட்டிவிட்டு வருகிறார்கள். அங்கே வாய் தேவையில்லை. பெயர் மட்டும் போதும். எந்தப் பெயரை எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பெரியப்பா பெயரையா, உங்கள் பெயரையா?

நலம் விசாரித்து எழுதாததை மறதி என்று நினைக்க வேண்டாம்.

ஹன்சி


டெல்லி
24 செப்டம்பர்

ஹன்சிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கை கழுவாமல் எழுதுகிறேன். கோலூவுக்கு எழுதிவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவர் விசாரணையில் தப்பியவர் யாரும் இல்லை.

நான் ஆபீசில் இல்லை. அந்த ஆபீசின் கீழே உள்ள கேண்டீனில் தட்டு கழுவுகிறேன். அதை நடத்துபவர் பெரியம்மாவின் தம்பி. பெரியப்பாவின் ஒரு வார்த்தை இல்லாமல் அதுகூடக் கிடைத்திருக்காது. கையெழுத்துப் போட்டால்தான் அந்த வார்த்தை என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சித்திரையில் உண்மையை எழுதியிருந்தால் நீ ஏன் என்று கேட்டிருப்பாய். அம்மாவுக்குத் துணை வேண்டும். நீ நின்றுவிட வேண்டும் என்று மட்டும்தான் அப்போது யோசித்தேன். புல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத உட்கார்ந்து வெள்ளரிக்காயைப் பற்றி எழுதினேன்.

கஜரியைக் கொடுத்துவிடு. மரத்தில் மட்டும் ஏறாதே. அம்மாவிடம் சொல்லாதே.

குந்தன்


பன்யாலி
10 அக்டோபர்

தாஜூ,

நாங்கள் நலம். கஜரியும் வயிற்றில் உள்ளதும் நலம். உங்கள் நலத்தை நீங்கள் எழுதினால் தெரிந்துகொள்வேன். இனி நானாக நினைத்துக்கொள்வதாக இல்லை.

29ஆம் தேதி மலை திறந்தது. மலையைச் சுற்றிய கல்மதிலின் இடைவெளிக்கு முன்னால் எல்லா வீட்டுப் பெண்களும் அரிவாளும் கயிறுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் மதிலில் சாய்ந்து பீடி குடித்தார்கள். மோதி ராம் பதிவேட்டிலிருந்து ஒவ்வோர் அடுப்பாகப் படித்தார். பெயர் வந்தவள் எழுந்து உள்ளே போனாள்.

“ஹயாத் சிங் அடுப்பு.”

தேபுலி அண்ணி எழுந்தாள். நானும் எழுந்தேன். பெரியப்பா காகிதத்தை எடுத்து நீட்டினார். மோதி ராம் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பள்ளியில் ஆஜர் சொல்லவே எனக்குக் குரல் எழும்பாது. “வந்திருக்கிறது நீயா உன் நிழலா?” என்று வாத்தியார் கேட்பார். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் உங்கள் ‘கு’ அந்தக் காகிதத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினேன்.

“எழுதிக் குடுத்தவர் இந்த மலையில ஒரு புல்லு அறுத்ததில்ல. எழுதி வாங்கினவரும் அறுத்ததில்ல. அரிவாள் புடிக்காதவங்க அரிவாளை எப்படிக் குடுக்க முடியும்?”

சத்தமாகச் சொல்லவில்லை. பின்வரிசையில் “என்ன சொல்றா?” என்றார்கள். மாமனாரிடம் மருமகள் நேரே பேசக் கூடாது அல்லவா? தேபுலி அண்ணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மதிலைப் பார்த்துத் திரும்பினாள். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் மதிலுக்கு, அடுத்த மலைக்கே கேட்கும்படி, சொன்னாள். பிறகு அவளாக ஒன்று சேர்த்தாள். “மதிலே, இன்னொண்ணும் கேட்டுக்கோ. எங்க வீட்டுல எருமை ரெண்டாச்சு. எனக்கு முதுகு ஒண்ணுதான். காயிதம் வெச்சிருக்கிறவங்களே மலை ஏறட்டும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து, அரிவாளை மடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் மோதி ராமின் பதிவேடு ஆடியது. அவர் காகிதத்தைப் பெரியப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். “காயிதத்தைப் பத்திப் பஞ்சாயத்துல பேசிக்குங்க. நான் நிக்கிற அரிவாளைத்தான் எழுதுவேன்” என்று என் பெயரை எழுதினார். ஹன்சா தேவி என்று முழுதாக.

பத்து நாள் அறுத்தேன். தேபுலி அண்ணி அறுக்கவில்லை, அது முறையில்லை. ஆனால் கட்டுகளைத் தூக்கிவிட்டாள். பெரியம்மா அவளோடு பேசுவதில்லை. “எனக்கு இதுதான்டி பண்டிகை” என்கிறாள் அண்ணி. வீட்டுக்குப் பின்னாலுள்ள சர்க்கரைப் பாதாமி மரத்தைச் சுற்றிப் புல்போர் போட்டிருக்கிறேன். கிளை வரை நிற்கிறது. அம்மா வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று பெரியப்பா மதிலை விட்டுப் போகும்போது, “டெல்லிக்கு ஒரு கடிதாசி போதும்” என்றார். அதனால் உங்கள் வேலை போகலாம். அது தெரிந்துதான் பேசினேன். வருத்தமாக இருக்கிறது. வருத்தம் வந்தும் கோபம் போகவில்லை.

கோலூவுக்கு எழுதவில்லை. பதிலாக ஒன்று செய்யுங்கள். அம்மாவுக்கு நீங்களே எழுதுங்கள், காகிதத்தையும் தேதியையும் பற்றி. எழுதியதை எழுதியபடி படிப்பேன். இனி எந்த வரியையும் கண்ணால் தாண்ட மாட்டேன்.

ஹன்சி


டெல்லி
23 அக்டோபர்

அம்மாவுக்கு,

குந்தன் உங்கள் கால்களில் தலை வைத்து எழுதுவது. இதை ஹன்சி உங்களுக்குப் படிக்கிறாள். அவள் எதையும் விடமாட்டாள்.

கேண்டீனிலிருந்து என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அது ஆபீஸ் இல்லை அம்மா, கேண்டீன்தான். தட்டு கழுவினேன். இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில் இருக்கிறேன். புது விலாசம் பின்னால் இருக்கிறது. இங்கேயும் தட்டும் கோப்பையும்தான், ஆனால் இந்த வேலைக்கு யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி நம் மலைமுறையைப் பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அடுத்த அறையில் வலியில் முனகிக்கொண்டிருந்தீர்கள். சித்திரையில் அதை மறைத்து, புல் இருக்கிறது என்று பொய் எழுதி, ஹன்சியின் படிப்பை நிறுத்தினேன். அவள் என்னைக் கேட்டபோதும் மறைத்தேன். இதில் பெரியப்பாவின் தப்பு அவரோடு. என் தப்பு இவ்வளவு.

எனக்கு இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

உங்கள் மகன்
குந்தன்


பன்யாலி
4 நவம்பர்

தாஜூவுக்கு,

நாங்கள் நலம். புது இடத்தில் தூங்க இடம் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

கடிதத்தைப் படித்தேன். ஒரு வரியையும் தாண்டவில்லை. அம்மா முழுதும் கேட்டார். அழவில்லை. “தேதியை மறுபடி படி” என்றார். படித்தேன். “சித்திரைன்னு எழுதியிருக்கானே, அதை.” படித்தேன். விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினார். அப்புறம் புல்போரைப் பார்த்தார்.

“உன் புஸ்தகப்பை எங்கே?” என்றார்.

சோளக்கதிர்களுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். எலி ஒரு மூலையைக் கடித்திருக்கிறது. அம்மா மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வருஷம் பள்ளி திறக்கும்போது என் பெயரை மறுபடி எழுத வாத்தியாரிடம் யார் போவது என்று கேட்டேன். “எடுத்தவன் வந்து எழுதட்டும்” என்றார். அதற்குள் கஜரி கன்று போட்டுவிடும். நீங்கள் சாணி வாரக் கற்றுக்கொள்ளலாம்.

உறைக்குள் ஒரு புல் வைத்திருக்கிறேன், நம் மலையினுடையது. இது ஹரேலா இல்லை. தலையில் வைக்க வேண்டாம், காதில் செருக வேண்டாம். அதன் ஓரத்தில் விரலை வைத்து ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

ஹன்சா தேவி